இரண்டரை மைலுக்குள் ஒரு வீடு

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து, அதாவது எங்கள் வட்டாரப் பள்ளிகளை நடத்தும் அமைப்பிலிருந்து, வரும் மின்னஞ்சல்களுக்கு அளவே கிடையாது. எமர்ஜென்சி கான்டாக்ட் சரியா பாருங்கள், தடுப்பூசி விவரம் பாருங்கள், பள்ளி கொடுக்கும் குரோம்புக் லேப்டாப்பை உடைத்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுங்கள், பிள்ளையின் போட்டோவை வெளியிடலாமா கூடாதா சொல்லுங்கள். போன வருஷம் சொன்னதுதான், அதற்கு முந்தின வருஷம் சொன்னதும் இதேதான், ஆனாலும் அத்தனை படிவத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து டிக் அடித்தால்தான் டைம்டேபிளைக் கண்ணில் காட்டுவார்கள். மகள் இந்த வருஷம் ஒன்பதாவது, அதாவது ஹைஸ்கூல். அதிலும் மூன்று வருஷமாக இடித்துக் கட்டிப் புதுப்பித்த ஹைஸ்கூல். எல்லாப் படிவத்தையும் முடித்துவிட்டு, எந்த டீச்சர், எந்த ரூம் என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டே கீழே வந்தால் பஸ் என்ற இடத்துக்கு எதிரே ஒரே ஒரு வரி. தகுதி இல்லை.

ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு வருஷமாக இதே ஹைஸ்கூலுக்கு மஞ்சள் பஸ்ஸில்தான் போய்வந்தான். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவன் அம்மாவைக் கேட்டேன். "எங்களுக்கும் இந்த வருஷம் இல்லையாம்" என்றார்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். ஊர் பெயர் வேண்டாம், டிஸ்ட்ரிக்ட் பெயரும் வேண்டாம், மகள் இன்னும் நாலு வருஷம் அங்கேதான் படிக்க வேண்டும். இந்த மாநிலத்தில் பஸ்ஸுக்கு ஒரு கணக்கு உண்டு. எட்டாவது வரை வீட்டிலிருந்து பள்ளி இரண்டு மைலுக்கு மேல் இருந்தால் டிஸ்ட்ரிக்ட் பஸ் விட்டாக வேண்டும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அது இரண்டரை மைல். அதற்குள் இருந்தால் பஸ் விடுவதும் விடாததும் டிஸ்ட்ரிக்டின் விருப்பம். இடம் மிச்சம் இருந்தால் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு சப்ஸ்கிரிப்ஷன் பஸ் என்று பெயர். நான் காரில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், மீட்டரில் 2.6 காட்டும். அந்தத் தெம்பில் டிரான்ஸ்போர்ட்டேஷன் ஆபீசுக்கு போன் போட்டேன்.

எடுத்த அம்மாள் பொறுமையானவர். ஆகஸ்ட் கடைசியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவதற்கே தனியாகச் சம்பளம் கொடுக்கலாம். கார் மீட்டரெல்லாம் கணக்கில்லை என்றார். வீட்டு வாசலிலிருந்து பள்ளியின் மிக அருகில் உள்ள பொது நுழைவாயில் வரை, பொதுச் சாலை அல்லது பொது நடைபாதை வழியாக, எது மிகக் குறுகிய வழியோ அதுதான் தூரம். போன வருஷம் வரை நுழைவாயில் ஹைவே பக்கம் இருந்தது. புதுப்பித்தபோது வடக்குப் பக்கம், அதாவது எங்கள் வீட்டுப் பக்கம், புதிதாக ஒரு வாசல் வைத்தார்கள். குடியிருப்புத் தெரு ஒன்றின் முனையிலிருந்து அந்த வாசலுக்கு நடைபாதையும் போட்டாகிவிட்டது. ஆகவே நீங்கள் இப்போது இரண்டரை மைலுக்குள் வந்துவிட்டீர்கள் சார்.

வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடமும் அங்கேதான் இருக்கிறது. வாசல் மட்டும் எங்களை நோக்கி நகர்ந்து வந்து, வந்த வேகத்தில் பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

இதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வலித்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கட்டடத்துக்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காசு கட்டுகிறவன் நான். கட்டலாமா வேண்டாமா என்று ஊரே ஓட்டுப் போட்டபோது ஓட்டுப் போட முடியாதவனும் நான்தான்.

பழைய கட்டடம் அறுபதுகளில் எழும்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹைஸ்கூல் வயதுக்கு வந்தபோது அமெரிக்கா முழுக்க அவசர அவசரமாகக் கட்டிய செங்கல் பெட்டிகளில் ஒன்று. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தட்டைக் கூரை, குளிர்காலத்தில் டங் டங் என்று சத்தம் போடும் ஹீட்டர். ஏசி ஆபீஸ் அறையிலும் கம்ப்யூட்டர் அறையிலும் மட்டும். எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. ஓர் அறிக்கை வெளியிட்டது. 41 சதவீத டிஸ்ட்ரிக்டுகளில் குறைந்தது பாதிப் பள்ளிகளிலாவது சூடாக்கும், குளிரூட்டும், காற்றோட்ட அமைப்புகளை மாற்றவோ சரிசெய்யவோ வேண்டும், நாடு முழுக்க சுமார் 36,000 பள்ளிகள் என்று அதில் இருந்தது. 2023-ல் செப்டம்பர் முதல் வாரமே வெயில் கொளுத்தியபோது நியூ ஜெர்சியில் பல டிஸ்ட்ரிக்டுகள் மத்தியானத்தோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பின. எங்களுடையதும் அதில் உண்டு. வேலையில் மீட்டிங் நடுவே போன் வரும், பன்னிரண்டரைக்குப் பஸ் வருகிறது என்று. அந்த வாரம் நான் மீட்டிங்கில் இருந்ததைவிட வாசலில் நின்றதுதான் அதிகம்.

சரி, டிஸ்ட்ரிக்ட் தன் பட்ஜெட்டிலிருந்தே கூரையும் ஏசியும் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம், நானும் கேட்டேன். முடியாது. பள்ளிக்காக வசூலிக்கும் சொத்து வரியை வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் பொதுவாக உயர்த்தக் கூடாது என்று இங்கே உச்சவரம்பு இருக்கிறது. டீச்சர் சம்பளமும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் ஏறும் வேகத்துக்கு அந்த இரண்டு சதவீதம் காலையிலேயே தீர்ந்துவிடும். பெரிய வேலை என்றால் கடன்பத்திரம் வெளியிட வேண்டும், அதற்கு ஊர் மக்களிடம் ரெஃபரண்டம், அதாவது பொதுவாக்கெடுப்பு, வைத்துச் சம்மதம் வாங்க வேண்டும். மக்கள் சரி என்றால் மாநில அரசும் ஒரு பகுதியை ஏற்கும். மிச்சத்தை நாம் இருபது, இருபத்தைந்து வருஷம் சொத்து வரியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்போம்.

சொத்து வரி என்றால் என்ன என்று வெளி மாநில நண்பர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். 2024-ல் நியூ ஜெர்சியின் சராசரி வீட்டு வரி 10,000 டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கு. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று நாலு தவணை. ஆகஸ்ட் பில்தான் பயமுறுத்தும், ஏனென்றால் ஏறின விகிதம் அதில்தான் தெரியும்.

முதல் தடவை ரெஃபரண்டம் வைத்தபோது தோற்றுப்போனது. ஏசி, கூரை, சயின்ஸ் லேப், செயற்கைப்புல் மைதானம், ஆடிட்டோரியம் என்று எல்லாவற்றையும் ஒரே கேள்வியாக வைத்தார்கள். மைதானத்தைப் பிடிக்காதவர்கள் லேப்பையும் சேர்த்துத் தோற்கடித்தார்கள். இரண்டாவது தடவை கொஞ்சம் விவரமாக இரண்டு கேள்விகளாகப் பிரித்தார்கள். முதல் கேள்வியில் ஏசி, கூரை, லேப், பாதுகாப்பான நுழைவாயில். இரண்டாவதில் மைதானமும் ஆடிட்டோரியமும். முதலாவது ஜெயித்தால்தான் இரண்டாவதற்கு மதிப்பு.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஓட்டுரிமை உள்ளவர்கள் எல்லாம் போய்விட்டு வந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரீன் கார்டு வரிசையில் என் தேதி இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்று வக்கீலைக் கேட்டால் அவர் வானிலையைப் பற்றிப் பேசுவார். கார்டு வந்தாலும் ஓட்டு கிடையாது, சிட்டிசன் ஆகவேண்டும், அதற்கு இன்னும் ஐந்து வருஷம். சான்பிரான்சிஸ்கோவில் 2016-ல் மக்களே ஓட்டுப் போட்டு, குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்களிக்கலாம் என்று கொண்டுவந்தார்கள், 2018-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. இங்கே நியூ ஜெர்சியில் நெவார்க் நகரம் 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் போர்டு ஓட்டு கொடுத்தது, 2025 ஏப்ரலில் அவர்கள் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்கள். இதை மகளிடம் சொன்னபோது அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு முன்னாடி நான் ஓட்டுப் போடுவேன்" என்றாள். இங்கே பிறந்தவள். அவள் கணக்கில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும்போது நான் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கேள்விக்கும் நோ போட்டேன் என்று அவராகவே சொன்னார். அதே ஹைஸ்கூலில் 1971-ல் படித்து முடித்தவர். மனைவி இல்லை, பென்ஷனில் வாழ்கிறார், வீட்டுக்கடன் முடிந்து பல வருஷமாகிவிட்டது, ஆனால் வரி மட்டும் இன்னொரு வீட்டுக்கடன் மாதிரி இருக்கிறது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, அவர் சொன்னது நியாயம்தானே. "நாங்கள் ஏசி இல்லாமல்தான் படித்தோம், ஒன்றும் செத்துப்போகவில்லை" என்று அவர் சேர்த்துக்கொண்டபோதுதான் லேசாக எரிச்சல் வந்தது. உங்கள் காலத்தில் செப்டம்பர் செப்டம்பராக இருந்திருக்கும் ஐயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் கேள்வி ஜெயித்தது, இரண்டாவது தோற்றது. அதனால்தான் இன்றைக்கு எங்கள் ஹைஸ்கூலில் வகுப்பறை எல்லாம் ஜில்லென்று இருக்கிறது, ஆடிட்டோரியம் மட்டும் வேகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டும் வேலை மூன்று கோடை எடுத்தது. ஏன் இத்தனை நாள் என்று எல்லோரும் திட்டினார்கள், நானும் திட்டினேன், ஆனால் பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது செய்ய முடியாத வேலைகள் நிறைய. அதில் பெரியது ஆஸ்பெஸ்டாஸ். அந்தக் காலத்துப் பள்ளிகளில் ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடுகள் இருக்கும், காப்பித்தூள் நிறத்தில் வெள்ளைக் கீறல்களோடு. ஓட்டிலும் அதன் அடியில் இருக்கும் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது சாதாரணம். உடையாமல் கிடக்கும்வரை ஆபத்தில்லை, பெயர்த்தால்தான் வம்பு. 1986-ல் வந்த மத்தியச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியும் எங்கெங்கே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று பதிவு வைத்து, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மறு ஆய்வு செய்து, வருஷா வருஷம் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு மின்னஞ்சல்களின் கூட்டத்தில் ஒன்றாக வரும், நான் பல வருஷம் படிக்காமலேயே அழித்திருக்கிறேன். ஆக, ஜூன் கடைசியில் பள்ளி மூடினதும் பிளாஸ்டிக் திரை கட்டிப் பெயர்த்து, காற்றைச் சோதித்து, பிறகுதான் எலெக்ட்ரீஷியன்களும் குழாய் ஆட்களும் உள்ளே நுழைய முடியும். லேபர் டே, அதாவது செப்டம்பர் முதல் திங்கள், முடிந்ததும் பள்ளி திறந்தாக வேண்டும். நடுவில் பத்து வாரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இதில் ஒரு கோடையில் கூரை மேல் ஏசி யூனிட் எல்லாம் ஏற்றி வைத்துவிட்டார்கள், அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ஸ்விட்ச்கியர் வந்து சேரவில்லை. ஒரு வருஷம் முழுக்க அந்த யூனிட்டுகள் மேலே சும்மா உட்கார்ந்திருந்தன, கீழே பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பேஸ்புக் குழுவில் அது ஓடின ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் ஒன்பதாவது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஓப்பன் ஹவுஸ் வைத்தார்கள். பஸ் கோபம் தீராத மனநிலையோடுதான் போனேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று வேறு முடிவு செய்திருந்தேன். கண்டும் பிடித்தேன். படிக்கட்டுக் கைப்பிடியில் இன்னும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை, ஈரம் காயாத பெயின்ட், சுவரில் கடிகாரத்துக்காக விட்ட ஓட்டையில் வெறும் வயர். கிழக்குப் பகுதி மாடிக்கு இன்ஸ்பெக்டர் இன்னும் சான்றிதழ் தரவில்லை என்று மஞ்சள் நாடா கட்டி மூடியிருந்தார்கள், அதனால் மைதானத்து ஓரத்தில் நிற்கும் டிரெய்லர் வகுப்பறைகள் அக்டோபர் வரை ஓடுமாம்.

ஆனால் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். பழைய கட்டடத்துக்கும் புதிதாகச் சேர்த்த பகுதிக்கும் நடுவே உயரமாக ஒரு கூடம், மேலே கண்ணாடிக் கூரை. அதன் ஒரு பக்கச் சுவர் பழைய கட்டடத்தின் வெளிச்சுவர். அப்படியே விட்டிருக்கிறார்கள். அறுபது வருஷம் மழையும் பனியும் அடித்துக் கறுத்த செங்கல், ஜன்னல் சட்டத்துக்குக் கீழே துரு வழிந்த கோடு, ஓர் இடத்தில் மழைநீர்க் குழாய் பிடித்திருந்த இரும்புக் கவ்வியின் தழும்பு, எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அது இப்போது உள்சுவர். அதன் அடியில் சாப்பாட்டு மேசை போட்டிருக்கிறார்கள். ஜன்னல்களில் கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் திறப்பாக விட்டிருப்பதால், மாடி வராந்தாவில் நடக்கிற பிள்ளைகள் அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கீழே இருக்கும் சிநேகிதர்களைக் கூப்பிடலாம். மகள் மேலே போய் அப்படி ஒரு ஜன்னலில் நின்று "அப்பா" என்று கத்தினாள். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு வாலன்டியர், மெதுவாகப் பேசும்படி சைகை காட்டினார். கையைச் செங்கல்லில் வைத்துப் பார்த்தேன். ஏசியில் ஜில்லென்று இருந்தது. வெளிச்சுவர் செங்கல் ஆகஸ்டில் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

லாக்கர் ஒரு தனிக் கதை. எண் பூட்டு. வலப்பக்கம் மூன்று தடவை சுற்றி முதல் எண்ணில் நிறுத்து, இடப்பக்கம் திருப்பி முதல் எண்ணை ஒரு தடவை தாண்டி இரண்டாவது எண்ணில் நிறுத்து, மறுபடி வலப்பக்கம் நேராக மூன்றாவது. மகள் ஐந்தாவது தடவையில் திறந்தாள், நான் எட்டாவதில். இத்தனை கஷ்டப்பட்டும் அதை யாரும் பயன்படுத்துவதில்லையாம், எல்லாமே குரோம்புக்கில் இருக்கிறதே, பையையே முதுகில் சுமந்துகொண்டு திரிவார்களாம். அதற்காகவே புதுப் பகுதியில் லாக்கர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள்.

முதல் நாள். பள்ளி ஏழரைக்கு. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எட்டரைக்கு முன்னால் வகுப்பு வைக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே சொல்லிவிட்டது, கலிபோர்னியா 2022-லிருந்து ஹைஸ்கூலுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது, எங்கள் ஊரில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆறே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். மஞ்சள் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அந்த மஞ்சள் நிறத்துக்கு வயது எண்பதுக்கு மேல், 1939-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் கூட்டிய மாநாட்டில் முடிவானது, அதிகாலை அரை வெளிச்சத்திலும் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும் என்பதற்காக. தெரிந்தது, ரொம்ப நன்றாகவே தெரிந்தது. எங்கள் தெருவின் மறுகோடியில் நிற்கிற பஸ். அந்தக் கோடி வீடுகள் இரண்டரை மைலைத் தாண்டிவிடுகின்றன.

புது வாசலுக்குப் போகும் தெருவில் கார் வரிசை. எல்லோரும் அதே குறுகிய வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். இருபத்தேழு நிமிஷம். கடைசி கால் மைலை நடந்திருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், "நடந்து போறியாமா" என்று கேட்டேன், முதல் நாளே அப்படி வந்து இறங்க மாட்டேன் என்றாள். முன்னால் நின்ற காரில் ஓர் அம்மா, பிள்ளை இறங்கிய பிறகும் நகராமல், கண்ணாடியை இறக்கி டிரம்பெட் பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். வாசலில் பிரின்சிபாலே நின்று கையை ஆட்டி ஆட்டி நகர்த்திக்கொண்டிருந்தார், டை கட்டி, மேலே பளபளக்கும் பச்சை மேல்சட்டை போட்டு.

இரண்டு வாரம் கழித்து பேக் டு ஸ்கூல் நைட். பிள்ளையின் டைம்டேபிளைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் ஒவ்வொரு வகுப்பாக ஓட வேண்டும், வகுப்புக்குப் பத்து நிமிஷம், மணி அடித்தால் அடுத்தது, நடுவில் மாற நாலு நிமிஷம். அதற்கு முன் ஆடிட்டோரியத்தில் எல்லோரையும் உட்கார வைத்து வரவேற்புரை. இரண்டாவது கேள்வி தோற்ற ஆடிட்டோரியம். அதே மர இருக்கைகள், அடியில் கை வைத்தால் பல தலைமுறைகளின் பபுள்கம் தட்டுப்படும். இரண்டு ஃபேன் சுற்றியது. புதிய குளிரூட்டும் அமைப்பைப் பற்றிப் பிரின்சிபால் வேர்க்க வேர்க்கப் பேசினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டு, "சரி, ஜில்லென்ற இடத்துக்குப் போங்கள்" என்று சீக்கிரமே விட்டுவிட்டார்.

எனக்கு இரண்டாவது பீரியட் பயாலஜி, பி214. நான் 214-க்குப் போய் உட்கார்ந்து, ஒரு டீச்சர் ஸ்பானிஷ் வினைச்சொற்களைப் பற்றி ஆறு நிமிஷம் பேசியதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக விசாரித்த பிறகுதான் தெரிந்தது, 214 பழைய கட்டடம், பி214 புதுப் பகுதி. ஓடினேன். அந்தக் கூடத்தில் என்னைப் போலவே இன்னும் நாலு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். பயாலஜி டீச்சரின் கடைசி ஒரு நிமிஷம் கிடைத்தது. முப்பது வருஷம் பழைய லேப்பில் இருந்தவராம். ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர்க் குழாய் வருகிறது என்பதைத் திறந்து காட்டினார், மூடினார், மறுபடி திறந்தார். பழைய லேப்பில் பன்னிரண்டு குழாய்களில் மூன்றில்தான் தண்ணீர் வருமாம், நாலு குழு பிள்ளைகள் ஒரு குழாய்க்கு வரிசையில் நிற்பார்களாம். மணி அடித்துவிட்டது. அவர் இன்னும் குழாயை மூடவில்லை. என் காசு எங்கே போனது என்று கேட்டால் நான் இனி அந்தக் குழாயைத்தான் சொல்வேன்.

அந்த மாதக் கடைசியில் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போனேன். ஒன்பது பேர் போர்டு, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள், சம்பளம் கிடையாது. பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். மைக்கில் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். சிட்டிசனா, ஓட்டு இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, பாஸ்போர்ட் கூட மனதில் தயாராக இருந்தது, யாரும் கேட்கவில்லை. பேப்பரில் எழுதி வைத்துப் படித்தேன். வாசலை நகர்த்தியது நல்லதுதான், அதை வைத்துத் தூரத்தை மறுபடி அளந்ததும் விதிப்படிதான், ஆனால் அந்தக் குறுகிய வழியில் ஒரு இடத்தில் நடைபாதை இல்லை, ஹைவேயைக் கடக்கிற சிக்னலில் நடப்பவர்களுக்கு பட்டன் இல்லை, ஆபத்தான வழியில் நடக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று டிஸ்ட்ரிக்ட் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது, எங்கள் தெருவுக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். பேச்சு நேரத்தைக் காட்டும் பச்சை விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகும்போது கடைசி வரியில் இருந்தேன். தலைவர் நன்றி என்றார். பதில் அன்றைக்கே சொல்ல மாட்டார்கள், குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அடுத்து வந்தவர் ஆடிட்டோரியத்துக்கு மறுபடி ஒரு ரெஃபரண்டம் எப்போது என்று கேட்டார். பின்வரிசையில் கனைப்பு கேட்டது. திரும்பினால் எதிர்வீட்டுப் பெரியவர். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, நடைபாதை வேண்டும் என்பது சரிதான், ஆனால் அதற்கும் காசு ஆகும் என்று சொல்லிவிட்டுத் தன் காரை நோக்கிப் போனார்.

பத்து நாள் கழித்து பதில் வந்தது. சாலை விஷயத்தை ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்புக்கு அனுப்பியிருக்கிறார்களாம், சப்ஸ்கிரிப்ஷன் பஸ்ஸில் காத்திருப்போர் பட்டியலில் நாங்கள் பதினோராவதாம். கடைசியில் ஒரு வரி, தூரம் மறுபடி சரிபார்க்கப்பட்டது, 2.47 மைல்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மகளையும் இழுத்துக்கொண்டு, போனில் தூரம் அளக்கும் ஆப்பைப் போட்டுவிட்டு வாசல் படியிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். நடைபாதை இல்லாத இடத்தில் புல்லில் இறங்கி நடந்தோம். சிக்னலில் மூன்று தடவை பச்சை மாறும்வரை நின்று ஓடிக் கடந்தோம். குடியிருப்புத் தெரு முனையில் புது நடைபாதை, சிமென்ட் இன்னும் வெள்ளையாக, ஓரத்தில் யாரோ ஈரமாக இருந்தபோது ஒரு நாயின் காலைப் பதித்திருந்தார்கள். பூட்டிக்கிடந்த புது வாசல் கண்ணாடியில் கையைத் தொட்டுவிட்டு போனைப் பார்த்தேன்.

2.46.

"அவங்க சொன்னதைவிடக் குறைச்சலா இருக்குப்பா" என்றாள். ஆமாம் என்றேன். மணி பத்தாகியிருந்தது, வெயில் ஏறிவிட்டது, குடிக்கத் தண்ணீர் கொண்டுவர மறந்திருந்தோம். இனி திரும்பியும் அதே 2.46 நடக்க வேண்டும் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. மகள் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்கூலுக்கு காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். எந்த வாசல் என்று அங்கிருந்து கேட்டிருப்பாள் போல.

"புது வாசல்மா. நம்ம வீட்டுப் பக்கம்."